மான் கறியில் ஈயம்: வீட்டிலேயே தோட்டா நிரப்பும் நம்ம ஆட்களுக்கு ஒரு நீண்ட த்ரெட்

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. துப்பாக்கி, தோட்டா, மான் கறி, ரத்தப் பரிசோதனை எல்லாம் வரும். அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்க்கிற ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு தோணலாம். பாதி படிக்கும்போதே தெரிஞ்சிடும்.

என் பள்ளித் தோழன் ஒருத்தன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கான். குடியுரிமை வாங்கி பல வருஷம் ஆச்சு. அங்கே ஒவ்வொரு நவம்பரிலும் ஒன்பது நாள் மான் வேட்டை சீசன். உரிமம் வாங்கிக்கிட்டு ஊரே காட்டுக்குப் போகும். சட்டப்படி நடக்கிற விஷயம்தான், அந்த ஊர்ல நம்ம பொங்கல் மாதிரி.

இவன் துப்பாக்கி செய்யும் கைவினைஞர் ஒருத்தர்கிட்ட சொல்லி, தன் கைக்கும் தோளுக்கும் அளவெடுத்து ஒரு ரைஃபிள் செஞ்சு வாங்கியிருக்கான். அதுக்கான தோட்டாவை வீட்டு பேஸ்மென்ட்டில் தானே நிரப்புறான். போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. காகிதத்தில் மூணு ஓட்டை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. "மச்சி, நூறு கஜத்துல அரை இன்ச்!"

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "குண்டு எதுல செஞ்சது?"

"உள்ளே ஈயம், மேலே செம்பு உறை. ஏன்டா?"

"கறியை யாரு சாப்பிடுறா?"

"எல்லாரும்தான். பாப்பாவுக்கு அந்தக் கொத்துக்கறின்னா உயிரு."

பாப்பாவுக்கு வயசு நாலு. அதான் இந்த த்ரெட்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பிடிக்காதவங்க இங்கேயே கிளம்பிடலாம். தன் தோட்டாவைத் தானே நிரப்புகிற வேட்டைக்காரர், ஈயக் குண்டை விட்டுட்டு முழுச் செம்புக் குண்டுக்கு மாறணும். கடையில் பெட்டியாக வாங்குகிறவருக்கு "இதுதான் கிடைச்சது"ன்னு ஒரு காரணம் இருக்கும். பவுடரை எடை போட்டு, குண்டைத் தேர்ந்தெடுத்து, ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச் வரைக்கும் அளந்து பார்க்கிறவருக்கு அந்தக் காரணம் கிடையாது.

முதலில் ஒரு சின்ன விளக்கம், துப்பாக்கியையே பார்க்காதவங்களுக்காக. ஒரு தோட்டாவில் நாலு பாகம். பித்தளை உறை, அடியில் தீப்பொறி கொடுக்கிற பிரைமர், உள்ளே பவுடர், முனையில் குண்டு. சுட்டதுக்கு அப்புறம் பித்தளை உறை மட்டும் மிஞ்சும். அதை எடுத்துச் சுத்தம் பண்ணி, பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புது பிரைமர், பவுடர், குண்டு வைப்பதுதான் ஹேண்ட்லோடிங். செலவைக் குறைக்கத்தான் பலர் ஆரம்பிக்கிறாங்க. அப்புறம் அதுவே ஒரு பித்தாகிடும். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலும் ஒவ்வொரு மாதிரி. எந்தக் குண்டு, எவ்வளவு பவுடர், குண்டை எவ்வளவு ஆழம் இறக்கணும் என்று மாத்தி மாத்திச் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்குப் பிடிச்ச கலவையைக் கண்டுபிடிப்பாங்க. அமெரிக்காவில் இது சாதாரண பொழுதுபோக்கு. (நம்ம ஊர்ல யாரும் முயற்சி பண்ணாதீங்க. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம், உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது தனிக் குற்றம்.)

இன்னொரு விளக்கமும் அவசியம். ஈயம்னு சொன்னதும் பாட்டி ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேற உலோகம், கலப்படம் இல்லாத வரைக்கும் பயம் இல்லை. நான் பேசுறது காரீயம். பழைய பேட்டரியில் இருக்கிறது, மீன் வலையில் எடைக்குக் கட்டுறது, 2000-ஆம் ஆண்டு வரைக்கும் நம்ம பெட்ரோலில் இருந்தது. கீழே "ஈயம்"னு வர்ற இடமெல்லாம் காரீயம்தான்.

சரி, குண்டு மானுக்குள்ளே போகும்போது என்ன ஆகுது?

சாதாரண வேட்டைக் குண்டு ஒண்ணு 150 கிரெய்ன், அதாவது சுமார் 9.7 கிராம். நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் போகும். உடம்புக்குள் நுழைஞ்சதும் முனை மலரணும், அப்பதான் மான் சித்திரவதை இல்லாம உடனே சாகும். ஈயம் மென்மையான உலோகம், நல்லா மலரும். கூடவே நொறுங்கவும் செய்யும். எலும்பில் பட்டால் கேட்கவே வேண்டாம். சில வகைக் குண்டுகள் எடையில் மூணில் ஒரு பங்கைக்கூட வழியிலேயே இழக்கும். அந்தத் துணுக்குகள் குண்டு போன பாதையில் மட்டும் இருக்காது. சுத்தி எல்லாப் பக்கமும் சிதறும், ஒரு அடிக்கு மேல் தள்ளியும் கிடைச்சிருக்கு. பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. "காயம்பட்ட இடத்தை வெட்டி எறிஞ்சிடுவோம்"னு சொல்றவங்க, கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் எறியுறாங்க.

இது வெளியே வந்த கதை சுவாரஸ்யமானது. 2008-ல வடக்கு டகோட்டா மாநிலத்தில் வில்லியம் கார்னட்சர் என்று ஒரு தோல் மருத்துவர். அவரே வேட்டைக்காரர். ஏழைகளுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் மையங்களுக்கு வேட்டைக்காரர்கள் நன்கொடையாகக் கொடுத்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்கள், கிட்டத்தட்ட நூறை எடுத்து சி.டி. ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். பாதிக்கு மேல் உலோகத் துணுக்குகள். சோதிச்சுப் பார்த்தா ஈயம். மாநில அரசு அந்தக் கறியை ஏழைகளுக்குக் கொடுக்காதீங்கன்னு உணவு மையங்களுக்குச் சொல்லிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. மானைச் சுட்டவர் நல்ல மனசோட கொடுத்த கறி. வாங்கினவங்க வேற கறி வாங்க வழியில்லாதவங்க. நடுவில் யாருக்குமே தெரியாம ஈயம்.

"பொட்டலத்தில் இருந்தா உடம்பில் ஏறிடுமா? அப்படியே வெளியே போயிடாதா?" நியாயமான கேள்வி. 2009-ல வெளிவந்த ஒரு ஆய்வு இதைத்தான் சோதிச்சது. சாதாரணமா வேட்டையாடின 30 மான். எல்லாம் ஈயம் உள்ள குண்டால் சுட்டது. கறி வெட்டித் தரும் கடைகளில் கொடுத்து, வழக்கம்போல பொட்டலம் போட்டு வாங்கி எக்ஸ்ரே எடுத்தாங்க. 30-ல் 24 மானோட கொத்துக்கறியில் துணுக்கு இருந்தது. பொட்டலக் கணக்கில் பார்த்தா 234-ல் 74. அடுத்து, துணுக்கு உள்ள கறியைப் பன்றிகளுக்குப் போட்டாங்க. பன்றியோட குடல் நம்ம குடல் மாதிரி வேலை செய்யும். சாப்பிட்ட பன்றிகளின் ரத்தத்தில் ஈய அளவு சராசரியா டெசிலிட்டருக்கு 2.29 மைக்ரோகிராம் வரை ஏறுச்சு. சுத்தமான கறி சாப்பிட்ட பன்றிகளுக்கு 0.63. அப்படியே வெளியே போகலை.

மனிதர்களில்? அதே காலத்தில் அமெரிக்காவின் சி.டி.சி., வடக்கு டகோட்டாவில் 738 பேரோட ரத்தத்தைப் பார்த்தது. வேட்டைக் கறி சாப்பிடுறவங்களுக்கு, சாப்பிடாதவங்களை விட 0.30 மைக்ரோகிராம் கூடுதல். யாருக்கும் 10-ஐத் தாண்டலை.

இங்கே நேர்மையா இருக்கணும். 0.30 சின்ன எண்தான். அந்த 738 பேரில் மான் கறி சாப்பிட்டு யாரும் மருத்துவமனையில் படுக்கலை. "பாத்தீங்களா, ஒண்ணும் இல்லை"ன்னு துப்பாக்கி அமைப்புகள் அன்னிக்கே கொண்டாடினாங்க. "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் இதைத்தான் சாப்பிட்டார்"னு என் தோழனோட பக்கத்து வீட்டுக்காரரும் சொல்றாராம். தாத்தா கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல. ஓ.பி.யில் பீடி குடிக்கிறவங்ககிட்ட தினமும் கேட்கிறேன்.

ஆனா அந்தச் சின்ன எண் என்னைச் சமாதானப்படுத்தலை. அது பெரும்பாலும் பெரியவங்களோட சராசரி. வளர்ந்த ஆள் விழுங்குற ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரத்தத்தில் சேரும். சின்னக் குழந்தைக்குப் பாதி வரைக்கும் சேரும். குழந்தையோட குடல் வளர்ச்சிக்காகக் கால்சியத்தை அள்ளி எடுக்கும், ஈயம் கால்சியம் வேஷத்தில் கூடவே உள்ளே போயிடும். அதே வேஷத்தில் எலும்புக்குள் போய்ப் பல வருஷம் குடியிருக்கும். கர்ப்ப காலத்தில் சிசுவுக்காக அம்மாவோட எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது, என்னிக்கோ சேர்ந்த ஈயமும் சேர்ந்து இறங்கும். அது நஞ்சுக்கொடியையும் தாண்டும். மூளையில் அது செய்யுற சேதம் காய்ச்சல் மாதிரி வெளியே தெரியாது. படிப்பில் கொஞ்சம் பின்தங்கல், கவனக் குறைவு, "பையன் துறுதுறுன்னு இருக்கான், ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான்". எது ஈயத்தால் வந்தது, எது இயல்பு என்று ஒரு தனிக் குழந்தையைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

குழந்தைகளுக்கு ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு அளவே கிடையாது. சி.டி.சி. "கவனிக்க வேண்டிய அளவு"ன்னு வெச்சிருந்தது ஒரு காலத்தில் 10. 2012-ல 5 ஆக்கினாங்க. 2021-ல 3.5. குழந்தைகள் மாறலை, நமக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா புரிஞ்சுது. அந்த ஆய்வுக்கு அப்புறம் வடக்கு டகோட்டா சுகாதாரத் துறை கொடுத்த அறிவுரையும் இதுதான்: கர்ப்பிணிகளும் ஆறு வயசுக்குக் கீழ் உள்ள குழந்தைகளும் ஈயக் குண்டால் சுட்ட மான் கறியைச் சாப்பிடவே வேண்டாம்.

நம்ம சமையலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஈயம் புளிப்பில் கரையும். ஸ்பெயினில் ஈயச் சிதறல் உள்ள காடைக் கறியை வினிகர் போட்டுச் சமைச்சுப் பார்த்தாங்க. குடல் உறிஞ்சக்கூடிய ஈயம் அதிகமாச்சு. நம்ம ஆளு மான் கறி கையில் கிடைச்சா என்ன பண்ணுவான்? தயிரிலோ எலுமிச்சையிலோ ஊற வைப்பான், இல்லைன்னா தக்காளி போட்டுத் தொக்கு. அந்த ஊர்க்காரர் வெறும் உப்பு, மிளகு தூவித் தீயில் வாட்டுறதை விட நம்ம முறையில் ஈயம் அதிகமாகக் கரையும் என்றுதான் நான் கணக்குப் போடுவேன்.

(நடுவுல ஒரு சினிமா விஷயம். ஹீரோ உடம்பிலிருந்து குண்டை எடுத்துத் தட்டில் "டிங்"னு போட்டதும் பிழைச்சிடுவார். நிஜத்தில் தசைக்குள்ளே இருக்கும் குண்டை நிறைய நேரம் அப்படியே விட்டுடுவோம். சுத்தித் தழும்பு மூடிக்கும், பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆனா மூட்டுக்குள் மாட்டிக்கிட்டா எடுத்தே ஆகணும். மூட்டுத் திரவம் ஈயத்தை மெல்லக் கரைச்சு ரத்தத்தில் சேர்த்துடும். உடம்புக்குள் ஈயம் எங்கே இருக்கு, எதில் நனையுது என்பதுதான் கணக்கு. வயிற்று அமிலம் எப்படின்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.)

இப்போ தோழன் பக்கம் வர்றேன். நான் சொன்னதும் அவன் போட்ட முதல் சண்டை, "செம்புக் குண்டுல என் குரூப் பெருசாயிடும்டா". குரூப் என்றால் ஓட்டைகளுக்கு நடுவில் இருக்கிற தூரம். இதுக்காகத்தான் அவன் மூணு மாசம் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்திருக்கான். ஆகவே சிரிக்காமதான் பதில் சொன்னேன்.

மானோட இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி ஏறக்குறைய எட்டு இன்ச் அகலம். நூறு கஜத்தில் ஒரு இன்ச் குரூப் போடுற துப்பாக்கி, இருநூறு கஜத்தில் இரண்டு இன்ச் போடும். அரை இன்ச் துப்பாக்கி ஒரு இன்ச் போடும். எட்டு இன்ச் இலக்கில் இந்த ஒரு இன்ச் வித்தியாசம் மானுக்குத் தெரியாது. காட்டில் மூச்சு வாங்கிக்கிட்டு, குளிரில் விரல் மரத்து, மரத்தில் சாய்ஞ்சு சுடும்போது கை ஆடுற ஆட்டம் அதை விடப் பல மடங்கு.

அதுவும் போக, மூணு ஓட்டையை வெச்சு "இதுதான் சிறந்த கலவை"ன்னு முடிவு பண்றதே தப்பு. எனக்கு இது நல்லாத் தெரிஞ்ச தப்பு. காய்ச்சலோட வந்த மூணு பேருக்கு ஒரு சிரப் கொடுத்து மூணு பேரும் குணமானா, சிரப் வேலை செஞ்சுதுன்னு அர்த்தம் இல்லை. காய்ச்சல் தானா இறங்குற நாளாவும் இருக்கலாம். அதே கலவையில் பத்து, இருபது சுட்டா அந்த அரை இன்ச் ஒரு இன்ச்சுக்கு மேல் போகும். அதுதான் துப்பாக்கியோட உண்மையான குணம். இதை இப்போ அமெரிக்காவில் குண்டு செய்யும் கம்பெனிகளோட பொறியாளர்களே வெளிப்படையாச் சொல்றாங்க. ஆக, அவன் இழக்கப் பயப்படுற அரை இன்ச் அவன்கிட்ட இருந்ததே இல்லை.

இரண்டாவது சண்டை கொஞ்சம் வலுவானது. செம்பு ஈயத்தை விட லேசு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமா இருக்கும். இதிலிருந்து நிறைய சிக்கல் கிளம்பும். நீளமான குண்டு பித்தளை உறைக்குள் ஆழமா இறங்கும், பவுடருக்கு இடம் குறையும், அழுத்தக் கணக்கு மாறும். "எடை ஒண்ணுதானே"ன்னு ஈயக் குண்டுக்கு எழுதின பவுடர் அளவை அப்படியே போட்டா அது விபத்துக்கு வழி. முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற பொருள் இது. குண்டு தயாரிப்பாளர் அந்தக் குறிப்பிட்ட குண்டுக்கென்றே அச்சிட்ட அட்டவணையை எடுத்து, அதில் உள்ள குறைந்தபட்ச அளவில் ஆரம்பிச்சு, படிப்படியாத்தான் ஏறணும். போல்ட்டைத் தூக்க முடியாம இறுகினால் அங்கேயே நிறுத்தணும். இது நான் கண்டுபிடிச்சது இல்லை, ஒவ்வொரு கையேட்டிலும் முதல் பக்கத்திலேயே இருக்கிற விஷயம்.

நீளமான குண்டு நிலையாப் பறக்க அது வேகமாச் சுழலணும். குழலுக்குள்ளே வெட்டியிருக்கிற சுருள் வரிதான் அந்தச் சுழற்சியைக் கொடுக்குது. 6.5 கிரீட்மோர் மாதிரி தோட்டாக்களுக்குப் பெரும்பாலும் எட்டு இன்ச்சுக்கு ஒரு சுற்று என்று வெட்டுறாங்க, அதில் செம்புக்குப் பிரச்சினை இல்லை. மெதுவாச் சுழற்றும் பழைய குழலில் அதே எடைச் செம்புக் குண்டு தடுமாறலாம். அதுக்கும் வழி இருக்கு: ஒரு படி எடை குறைஞ்ச குண்டை எடுக்கணும். 150-க்குப் பதில் 130. செம்புக் குண்டு நாலு இதழா மலர்ந்தாலும் கிட்டத்தட்ட முழு எடையையும் தக்க வெச்சுக்கும், அதனால் லேசானதே ஆழமாப் போகும். குழலில் சுருள் வரி தொடங்குற இடத்திலிருந்து குண்டைக் கொஞ்சம் தள்ளி இறக்கினா செம்புக் குண்டுகள் நல்லா ஓடும் என்பது தயாரிப்பாளர்களே சொல்ற யோசனை. மாறுறதுக்கு முன்னாடி குழலில் படிஞ்ச பழைய உலோகத்தை நல்லாச் சுத்தம் பண்ணிடணும்.

இன்னும் துப்பாக்கி ஆர்டர் கொடுக்காதவங்களுக்கு வேலை சுலபம். "நான் செம்புக் குண்டு மட்டும்தான் போடுவேன்"னு கைவினைஞர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. சுருள் வரியையும் குண்டு உட்காரும் இடத்தையும் அதுக்கேத்த மாதிரி வெட்டிக் கொடுப்பார். அளவெடுத்துச் சட்டை தைக்கிறதோட பலனே அதுதானே.

செம்புக்கு நிஜமான குறைகள் இரண்டு. விலை கூட. அடுத்து, வேகம் ரொம்பக் குறைஞ்ச தூரத்தில் அது சரியா மலராது. மலரலைன்னா மான் அடிபட்டு ஓடிப்போய் எங்கேயோ வலியில் சாகும். அதனால் உங்க குண்டு எந்த வேகம் வரைக்கும் மலரும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்காரோ, அதுக்குள்ளேதான் சுடணும். அதைத் தாண்டின தூரத்தில் மான் நின்னா விட்டுடணும். விலை விஷயத்தில் எனக்கு இரக்கம் இல்லை. வருஷத்துக்கு இரண்டு மான் சுடுறவன், துப்பாக்கி சரிபார்க்க இன்னும் கொஞ்சம். கைவினை ரைஃபிளுக்கு அத்தனை டாலர் கொடுத்தவன் குண்டுப் பெட்டிக்குக் கணக்குப் பார்க்கிறது, பட்டுப்புடவை எடுத்துட்டு ஃபால்ஸ் தைக்கக் காசு இல்லைன்னு சொல்ற கதை.

"இது வேட்டையை ஒழிக்கப் பார்க்கிற கும்பலோட சதி"ன்னு அங்கே ஒரு பேச்சு உண்டு. இந்த விஷயத்தை முதலில் கிளப்பின டாக்டரே வேட்டைக்காரர். நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சிதறல் குண்டை அமெரிக்கா 1991-லேயே நாடு முழுக்க நிறுத்திடுச்சு, வாத்து வேட்டை இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. டென்மார்க் 2024-ல ரைஃபிள் குண்டுக்கும் தடை போட்டது. அங்கெல்லாம் இன்னும் மான் சுடுறாங்க.

கலிஃபோர்னியா ஏன் போட்டது? காண்டார் என்ற பெரிய கழுகுக்காக. 1982-ல உலகத்திலேயே 22 தான் மிச்சம். கூண்டில் வளர்த்து மறுபடி காட்டில் விட்டாங்க. விட்டதும், வேட்டைக்காரர் போட்டுட்டுப் போன குடலைத் தின்னு ஈய விஷத்தில் செத்தது. இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ன நம்ம பாறுக் கழுகுகளோட சிறுநீரகத்தைக் கொன்னது. 2006-ல கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ண வேண்டி வந்தது. இப்போ தமிழ்நாட்டில் அந்தக் கழுகைப் பார்க்கணும்னா மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போகணும். கொடுத்தவருக்கு மாட்டோட வலிதான் தெரிஞ்சது, அதோட பிணத்தை யார் சாப்பிடுவாங்கன்னு தெரியலை.

குண்டை மாத்தினாலும் பேஸ்மென்ட்டில் ஈயம் போயிடாது, இதைப் பலர் மறந்துடுறாங்க. சாதாரண பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கு. சுட்ட உறைக்குள் அந்தக் கரி ஒட்டியிருக்கும். உறைகளை உமி மாதிரி தூளோட சேர்த்து உருட்டிச் சுத்தம் பண்ற மெஷின் ஓடும்போது அந்தத் தூசி வீடு முழுக்கப் பறக்கும். தரையில் தவழுற குழந்தை கையை வாயில் வைக்கும். தண்ணியில் போட்டுச் சுத்தம் பண்ற மெஷின் நல்லது. தரையைப் பெருக்காதீங்க, ஈரத் துணியால் துடைங்க. அந்த மேசையில் டீ, பிஸ்கட் வேண்டாம். முடிச்சதும் சோப்பு போட்டுக் கையும் முகமும் கழுவணும், சானிடைசர் ஈயத்தை எடுக்காது. அந்தச் சட்டையோட குழந்தையைத் தூக்காதீங்க, அதைத் தனியாத் துவைங்க. வீட்டில் கர்ப்பிணி இருந்தா அவங்க அந்த அறைக்கே போக வேண்டாம்.

இன்பாக்ஸில் வரப்போற கேள்விகளுக்கு இப்பவே பதில் சொல்லிடுறேன்.

"டாக்டர், நாங்க நாலு வருஷமா சாப்பிட்டுட்டோமே?" பதற வேண்டாம். குழந்தையோட டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்க. சாதாரண பரிசோதனைதான். விரல் நுனியில் குத்தி எடுத்து அதிகம்னு வந்தா, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி உறுதி பண்ணணும், விரலில் ஒட்டியிருக்கிற தூசியே எண்ணைக் கூட்டிடும். வேட்டை சீசன் முடிஞ்சு கறி சாப்பிடுற மாதங்களில் பார்த்தா நல்லது. ரத்தத்தில் இருக்கிற ஈயம் நிறுத்தின ஒரு மாசத்தில் சுமார் பாதியாக் குறைஞ்சுடும், அதனால் ஆகஸ்டில் பார்த்து "நார்மல்"னு சந்தோஷப்படுறதில் அர்த்தம் இல்லை. எலும்பில் சேர்ந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது.

"மருந்து இருக்கா?" ஈயத்தைப் பிடிச்சு வெளியேத்துற மருந்து இருக்கு, ஆனா அது 45 மைக்ரோகிராமும் அதுக்கு மேலும் போன குழந்தைகளுக்கு. மான் கறி சாப்பிட்டு அந்த அளவு போறது அபூர்வம். மத்தவங்களுக்கு ஈயம் வர்ற வழியை அடைக்கிறதுதான் வைத்தியம். குழந்தைக்கு இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமப் பார்த்துக்கோங்க, அது குறைஞ்ச குழந்தையோட குடல் ஈயத்தை இன்னும் அதிகமா இழுக்கும். "டீடாக்ஸ்" பொடி எதுவும் வேண்டாம், சிலதுல ஈயமே இருக்கும்.

"ஃப்ரீசரில் இருபது கிலோ இருக்கே?" ஈயக் குண்டால் சுட்டதா இருந்தா அந்தக் கொத்துக்கறியைக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்காதீங்க. உணவு மையத்துக்கும் கொடுக்காதீங்க, அங்கேயும் நாலு வயசுக் குழந்தை இருக்கும். காயத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற பின்தொடை முழுத்துண்டில் ஆபத்து குறைவு, பெரியவங்க சாப்பிடலாம். நாய்க்குப் போடலாமான்னு ஒருத்தர் நிச்சயம் கேட்பார். போடாதீங்க, அதுக்கும் அதே ஈயம்தான்.

"யாரோ ஆபீஸ் நண்பர் கொடுத்த கறி, என்ன குண்டுன்னு தெரியாது." கேளுங்க. வேட்டைக்காரர்கள் தங்கள் குண்டைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க, ஒரு கேள்வி போதும். ஈயம்னு சொன்னா நன்றி சொல்லி, வீட்டில் சின்னக் குழந்தை இருக்குன்னு சொல்லித் திருப்பிக் கொடுங்க. கொத்துக்கறியைப் பல மானோட சேர்த்து அரைச்சு வாங்கியிருந்தா, அவர் சுட்டது செம்புக் குண்டா இருந்தாலும் அடுத்தவர் மானோட ஈயம் அதில் வந்திருக்கலாம். அதையும் கேட்டுக்கோங்க.